சிறுவர் பிறந்தநாள் விழாக்களில் கலைச் செயற்பாடுகள்

சிறுவர் பிறந்தநாள் விழாக்களில் கலைச் செயற்பாடுகள் என்பன, ஏறத்தாழ 2 முதல் 8 வயது வரையான குழந்தைகளின் பிறந்தநாளை ஒட்டி நடைபெறும் வரைதல், வண்ணம் தீட்டல், ஒட்டுதல், மடித்தல், பிசைந்து உருவம் செய்தல், பின்னுதல் போன்ற கைவேலைகளைக் குறிக்கும். காடு, கடல், விண்வெளி, கதைமாந்தர் என ஏதேனும் ஒன்றை மையமாகக் கொண்டு அழைப்பிதழ், ஒப்பனை, உணவு, விளையாட்டு ஆகிய அனைத்தும் அமைக்கப்படும் விழா, கருப்பொருள் விழா எனப்படுகின்றது. இவ்வகை விழா மேலை நாடுகளிலிருந்து வந்தது என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், குழந்தை தன் கையால் ஒன்றைச் செய்து கொண்டாட்டத்தில் பங்கேற்பது தமிழர் மரபிலும் நெடுங்கால வழக்கமாகும். சிவகங்கை மாவட்டத்தின் நெற்குப்பை உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களின் கோலம், பனையோலைப் பின்னல் முதலிய வீட்டுக் கலைகள் இதற்குப் பயன்படக்கூடிய வளமான மூலங்களாகும்.

பிறந்தநாள் கொண்டாட்டத்தின் வரலாறு

தமிழகத்தில்

பழந்தமிழகத்தில் பிறந்தநாள் விழா முதன்மையாக அரசனுக்கு உரியதாக இருந்தது. அரசனின் பிறந்தநாள் மங்கலத்தைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்ற பெயரில் புறத்திணையுள் குறிப்பிடுகின்றது. பிற்கால இலக்கண நூல்கள் இதனை நாண்மங்கலம் என்கின்றன. அந்நாளில் அரசன் வெண்ணிற உடையும் அணியும் பூண்டதால் இவ்விழா வெள்ளணி என்றும் பெயர் பெற்றது. ஒரு நிறத்தை மையமாகக் கொண்டு விழாவை அமைக்கும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று என்பதை இச்சொல்லே காட்டுகின்றது. முதலாம் இராசராச சோழன் பிறந்த சதய நாள், ஐப்பசி மாதத்தில் தஞ்சாவூரில் இன்றும் சதய விழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

மரபுவழிக் குடும்பங்களில் பிறந்தநாள், ஆங்கில நாட்காட்டித் தேதியைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த விண்மீன் வரும் நாளே பிறந்தநாளாகக் கொள்ளப்படும். ஆகவே ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். முதலாம் ஆண்டு நிறைவு, முடி இறக்குதல், காதணி விழா ஆகியவை குழந்தைப் பருவத்தின் முக்கியமான நிகழ்வுகளாகும். அதன்பின் ஆண்டுதோறும் கோயில் வழிபாடு, புத்தாடை, பாயசம் என்ற அளவில் கொண்டாட்டம் எளிமையாக அமைந்தது.

மேலை நாடுகளில்

குழந்தையை மையமாகக் கொண்ட பிறந்தநாள் விழா 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிண்டர்பெஸ்ட், அதாவது குழந்தை விழா, என்ற பெயரில் வளர்ந்தது. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமும் அங்கிருந்தே பரவியது. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் பிரீட்ரிக் புரோபல் (1782–1852) சிறு குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகள் தோட்டம், எனப் பெயரிட்டார். தாள் மடித்தல், தாள் பின்னல், களிமண் வேலை, தையல் போன்றவற்றை அவர் முறையான கல்வியின் பகுதியாக்கினார்.

உலகெங்கும் பாடப்படும் ஆங்கிலப் பிறந்தநாள் பாடலின் மெட்டும் இத்தகைய பள்ளிச் சூழலில் பிறந்ததே. ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த பாட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்ற சகோதரிகள், 1893இல் வெளியான மழலையர் பள்ளிப் பாடல் நூலில் காலை வணக்கப் பாடல் ஒன்றைச் சேர்த்தனர். பாட்டி ஹில் மழலையர் பள்ளி ஆசிரியை ஆவார். அம்மெட்டில் பிறந்தநாள் வாழ்த்துச் சொற்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்தன. இப்பாடல்மீது ஒரு நிறுவனம் கொண்டாடிய பதிப்புரிமை செல்லாது என அமெரிக்க நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. கைவேலையும் பிறந்தநாள் பாடலும் மழலையர் பள்ளி என்ற ஒரே நிறுவனத்தின் வழியாகவே பரவின என்பது குறிப்பிடத்தக்கது. விழாவில் பாடல் நிலைத்து நிற்க, கைவேலை பல இடங்களில் விடுபட்டுவிட்டது.

குழந்தையின் படைப்பு தமிழ் மரபில்

பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றது. இவற்றுள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய முதல் ஏழும் இருபாலருக்கும் பொதுவானவை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவை இடம்பெறும். குழந்தை தலையசைப்பதும் கைகொட்டுவதும் முற்பருவங்களாகவும், பொருள்களைக் கையாளும் விளையாட்டுகள் பிற்பருவங்களாகவும் அமைந்திருப்பதைக் காணலாம். சிற்றில் என்பது சிறுமியர் மணலால் கட்டும் விளையாட்டு வீடு. பட்டினப்பாலையில் மூன்று சக்கரம் கொண்ட சிறுதேர் பற்றிய குறிப்பு உள்ளது. கோடையில் நுங்குக் கூந்தல்களைக் குச்சியில் கோத்துச் சிறுவர் உருட்டும் நுங்கு வண்டி, இச்சிறுதேரின் இன்றைய உறவினன் எனலாம்.

நவராத்திரிக் கொலுவும் இங்குக் கருதத்தக்கது. கொலுப் படிகளுக்கு அருகே சிறுவர் பூங்கா அமைப்பது பல வீடுகளில் வழக்கம். மண் பரப்பி, சில நாட்களுக்கு முன்னரே கடுகு, கேழ்வரகு அல்லது வெந்தயம் விதைத்து, முளைத்த பயிரை வயலாகக் கொண்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து, சந்தை, திருமணம், கிராமம் என ஏதேனும் ஒரு காட்சியை உருவாக்குவர். ஒரு கருப்பொருளைத் தேர்ந்து, அதற்குரிய பொருள்களைத் திரட்டி, குழந்தைகளே செய்து காட்டும் இம்முறை, கருப்பொருள் விழாவின் அடிப்படைக் கூறுகள் அனைத்தையும் கொண்டுள்ளது.

செட்டிநாடும் நெற்குப்பையும்

நெற்குப்பை, சிவகங்கை மாவட்டத்தில் பொன்னமராவதிக்கு அருகில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். இங்குக் குப்பை என்பது குவியல் என்ற பழம்பொருளில் வருகின்றது. நெற்குவியல் என்பதே ஊர்ப்பெயரின் சொற்பொருள். நகரத்தார் வாழும் செட்டிநாட்டு ஊர்களுள் இதுவும் ஒன்று. தமிழ்ப் பயண நூல்களாலும் மாவட்ட வரலாற்று நூல்களாலும் அறியப்பட்ட எழுத்தாளர் சோமலெ (1921–1986) இவ்வூரில் பிறந்தவர். தமிழ்நாட்டு மக்களின் மரபையும் பண்பாட்டையும் பற்றி அவர் தனி நூல் எழுதியுள்ளார். அவர் பெயரில் இவ்வூரில் நினைவு நூலகம் உள்ளது.

நகரத்தார் குடும்பங்களில் ஆண் குழந்தைகளுக்குக் கார்த்திகைப் புதுமையும் பெண் குழந்தைகளுக்குத் திருவாதிரைப் புதுமையும் நடத்தும் வழக்கம் உண்டு. இவை குழந்தையின் பிறந்தநாளில் அன்றி, ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு திருநாளில் நடைபெறுகின்றன. எனவே தனிக் குழந்தையின் சிறப்பு, ஊரின் சிறப்போடு இணைகின்றது.

சிறுவர் கலைச் செயற்பாடுகளுக்கு ஏற்ற செட்டிநாட்டுக் கலைகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

நடுவீட்டுக் கோலம்: பொங்கல், திருமணம் போன்ற நாட்களில் வீட்டின் நடுப்பகுதியில் அரிசி மாவைக் கரைத்து இடப்படும் கோலம். விரல்களுக்கிடையே மாக்கரைசலை ஒழுகவிட்டுக் கோடு இழுக்கும் முறை, சிறு குழந்தையின் விரல் ஓவியத்துக்கு மிக நெருங்கியது.

கொட்டான்: பனையோலையால் முடையப்படும் சிறு கூடை. சடங்குகளில் பரிசுப் பொருள்களை வைத்து வழங்கப் பயன்பட்டது. முன்னாளில் வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் இதனை முடைந்தனர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நலிந்த இக்கலையை மீட்க, எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

ஆத்தங்குடித் தரையோடு: ஆத்தங்குடி என்ற ஊரின் பெயரால் அறியப்படும் கையால் செய்த தரைக்கல். கண்ணாடித் தகட்டின்மீது உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி வடிவம் அமைக்கப்படும். இம்முறையைக் குழந்தைகள் நேரடியாகச் செய்ய இயலாது. ஆயினும் சதுரத் தாளை நான்காக மடித்து, ஒரு கால்பகுதியில் வண்ணம் தோய்த்து, ஈரம் காயுமுன் அழுத்தி விரித்தால் அதே சமச்சீர் வடிவம் கிடைக்கும். ஒவ்வொரு குழந்தையும் ஒரு கல்லைச் செய்ய, அனைத்தையும் சேர்த்து அடுக்கினால் ஒரு தரை உருவாகும்.

குழந்தை இலக்கியத்திலும் இப்பகுதிக்குச் சிறப்பிடம் உண்டு. குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா (1922–1989) புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள இராயவரத்தில் பிறந்தவர். குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் உருவாக அவர் முன்னின்றார். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கையால் செய்து கற்கும் அவரது முறை தமிழகத்தில் பரவ இது துணைசெய்தது. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் உருவாக்கிய கல்வி நிறுவனத் தொகுதியிலும் மாண்டிசோரிப் பள்ளி ஒன்று உண்டு.

செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல இன்று சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றன. பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. சடங்குக்காகச் சில நாட்கள் ஊருக்கு வரும் குழந்தை, கோலத்தையும் கொட்டானையும் பார்த்துவிட்டுச் செல்வது ஒன்று; தானே ஒரு கோட்டை இழுத்து, ஓர் ஓலையை மடித்துச் செல்வது வேறொன்று. பெரியவர்களின் பக்கத்தில் அமர்ந்து கைவழியே கற்ற கலைகள் இவை. கை மாறாத இடத்தில் இவை அருங்காட்சியகப் பொருளாகிவிடும்.

குழந்தை ஓவியத்தின் படிநிலைகள்

குழந்தைகளின் ஓவியத்தைத் தனிக் கலையாக மதித்தவர்களுள் முன்னோடி ஆஸ்திரியாவின் பிரான்ஸ் சிசெக் (1865–1946). இவர் 1897இல் வியன்னாவில் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கினார். விக்டர் லோவன்பெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் பின்வரும் படிநிலைகளை விளக்கினார்.

2 முதல் 4 வயது வரை கிறுக்கல் நிலை. கையசைவின் இன்பமே இங்கு முதன்மை. பின்னர்க் குழந்தை தன் கிறுக்கலுக்குப் பெயரிடத் தொடங்கும்.

4 முதல் 7 வயது வரை உருவத்தின் தொடக்க நிலை. வட்டத் தலையிலிருந்து கால்கள் நேரடியாகக் கிளம்பும் மனித உருவம் இதற்குரியது.

7 முதல் 9 வயது வரை வடிவ நிலை. தரைக்கோடும் வானமும் தோன்றும். மனிதர், மரம், வீடு ஆகியவற்றுக்கு நிலையான வடிவங்கள் அமையும்.

ரோடா கெல்லாக் என்பவர் பல நாடுகளிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை ஓவியங்களைத் திரட்டினார். கோடு, வட்டம், வட்டத்துக்குள் குறுக்குக்கோடு, கதிர்விடும் ஞாயிறு, பின்னர் மனிதன் என்ற வளர்ச்சியை நாடு கடந்து காணலாம் என அவர் கருதினார். ஆகவே மூன்று வயதுக் குழந்தையின் கிறுக்கல் பிழையான ஓவியம் அன்று. அந்த வயதுக்குரிய முழுமையான ஓவியமே ஆகும். அதனைப் பெரியவர் திருத்தி அழகுபடுத்தும்போது, அது குழந்தையின் படைப்பாக இருப்பதில்லை.

வயதுக்கேற்ற செயற்பாடுகள்

2–3 வயது: கோதுமை மாவைப் பிசைந்து உருட்டுதல், தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் கோடிடுதல், பெரிய தாளில் விரல் ஓவியம். வித்யாரம்பத்தில் நெல்லிலோ அரிசியிலோ எழுதவைக்கும் வழக்கம் இதனை ஒத்தது. ஒரு செயலில் 10 நிமிடங்களுக்கு மேல் இவ்வயதுக் குழந்தையை அமர்த்த முயல்வது பொதுவாகப் பயன் தராது.

4–5 வயது: தாளைக் கிழித்து ஒட்டுதல், குறுக்கே வெட்டிய வெண்டைக்காயை வண்ணத்தில் தோய்த்துப் பூவாக அச்சிடுதல், இலை அச்சு, கட்டைவிரல் அச்சுகளைப் பறவையாகவும் மீனாகவும் மாற்றுதல், முகமூடிக்கு வண்ணம் தீட்டல். சோற்றுக் கஞ்சியும் மைதாப் பசையும் ஒட்டுவதற்குப் போதுமானவை.

6–8 வயது: புள்ளிக்கோலம், தாள் மடிப்பு, ஓலைக் காற்றாடி, எளிய ஓலைப் பின்னல், களிமண் பொம்மை, நிழற்கூத்து உருவங்கள், சிறு நாடகம். இவ்வயதினர் விதிகளை விரும்புவர். ஆகவே ஒரு முறையைக் கற்று, அதில் தமக்குரிய மாற்றத்தைச் செய்ய இடமளிக்கலாம்.

மஞ்சளைக் கொண்டு செய்யும் நிறமாற்றம் எல்லா வயதினரையும் ஈர்ப்பது. மஞ்சள்தூள் கரைசலில் தோய்த்து உலர்த்திய தாளில் சோப்பு நீரால் வரைந்தால் கோடுகள் சிவப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தன்மையில் நிறம் மாறுவதே காரணம். பிறந்தநாளில் எடுக்கப்படும் ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதே வேதிவினையால்தான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தீங்கு விளைவிக்கும் என்பதால் குழந்தைகளுக்குச் சோப்பு நீரே ஏற்றது.

கருப்பொருளைத் தேர்தல்

கடைகளில் கிடைக்கும் கருப்பொருள் தொகுப்புகள் பெரும்பாலும் திரைப்பட அல்லது தொலைக்காட்சிக் கதைமாந்தரைச் சார்ந்தவை. அவற்றில் உருவம் முன்னரே முடிவாகிவிடுவதால் குழந்தை செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. மழை, சந்தை, பனை, வீடு, ஆறு, இரவு வானம் போன்ற திறந்த கருப்பொருள்கள் இவற்றினும் ஏற்றவை. எடுத்துக்காட்டாக, பனை என்ற கருப்பொருளில் ஓலைக் காற்றாடி கைவேலையாகவும், நுங்கு வண்டி ஓட்டம் விளையாட்டாகவும், பனங்கற்கண்டுப் பாலும் நுங்கும் உணவாகவும், குழந்தைகளே வண்ணம் தீட்டிய ஓலைப்பெட்டி விருந்தினருக்கான அன்பளிப்பாகவும் அமையலாம்.

விழாவுக்கு முந்தைய நாட்களும் விழாவின் பகுதியே. அழைப்பிதழைக் குழந்தை வரைவது, தோரணத்துக்குத் தாள் நறுக்குவது, கோலத்துக்கு இடம் தேர்வது ஆகியவற்றால், தனக்காகப் பிறர் நடத்தும் நிகழ்ச்சி தானும் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியாகின்றது. விருந்தினர் எண்ணிக்கை குழந்தையின் வயதை ஒட்டி அமைவது நன்று என்பது மேலை நாட்டுப் பெற்றோர் வழிகாட்டிகளில் காணப்படும் பொதுவான அறிவுரை. உறவினர் திரளும் தமிழ்க் குடும்பங்களில் இது எளிதன்று. எனவே பெரியவர்களுக்கான விருந்தையும் குழந்தைகளுக்கான கைவேலை நேரத்தையும் தனித்தனியே அமைக்கலாம்.

போட்டியும் பரிசும்

விழாக்களில் ஓவியப் போட்டி நடத்திப் பரிசளிப்பது பரவலான வழக்கம். இதன் விளைவைப் பற்றி மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு நன்கு அறியப்பட்டது. வரைவதில் ஏற்கெனவே விருப்பம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வரைந்தால் பரிசு உண்டு என முன்கூட்டியே சொல்லப்பட்ட குழுவினர், சில நாட்களுக்குப் பின் தம் விருப்பப்படி விளையாடும் நேரத்தில், மற்றக் குழுவினர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி அளவே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. பரிசுக்காகச் செய்யும் செயல், பரிசு இல்லாதபோது ஈர்ப்பை இழக்கின்றது என்பது இதன் முடிவு. ஆகவே எல்லோருடைய படைப்பையும் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்துவதும், "இதைப் பற்றிச் சொல்" எனக் கேட்பதும் போட்டியைவிடப் பொருத்தமானவை.

பாதுகாப்பு

மூன்று வயதுக்குட்பட்டவர்கள் எதையும் வாயில் வைப்பர். ஆதலால் மணி, பொத்தான், புளியங்கொட்டை போன்றவற்றை அவர்களுக்குத் தரலாகாது. ஊதப்படாத பலூன்களும் வெடித்த பலூன் துண்டுகளும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்களும், எளிதில் தீப்பற்றும் வாயுவைக் கொண்ட நுரைத் தெளிப்பான்களும் மெழுகுவத்திச் சுடருக்கு அருகில் மிகவும் ஆபத்தானவை. ஓலைக் காற்றாடியில் முள் செருகுவதைப் பெரியவரே செய்யவேண்டும்.

இந்தியாவில் விளையாட்டுப் பொருள்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வெளியிடப்பட்டு, 2021 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விளையாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் 9873இன் ஒரு பகுதி, விரல் ஓவிய வண்ணங்களுக்கெனத் தனியாக வகுக்கப்பட்டுள்ளது. வண்ணம் வாங்கும்போது தரமுத்திரையைப் பார்ப்பது நல்லது.

செலவும் சுற்றுச்சூழலும்

கருப்பொருள் விழாக்கள் மீதான முதன்மையான விமர்சனம் செலவு பற்றியது. விழா ஏற்பாட்டு நிறுவனங்கள் அனைத்தையும் செய்து முடிக்க, குழந்தை ஒளிப்படத்துக்கு நிற்பவராக மட்டும் ஆகிவிடுவது உண்டு. வகுப்பில் ஒருவர் நடத்தும் பெரிய விழா, அவ்வாறு நடத்த இயலாத குடும்பத்துக் குழந்தையிடம் தாழ்வுணர்ச்சியை ஏற்படுத்தக்கூடும். ஆண் குழந்தைக்கு வண்டி, பெண் குழந்தைக்கு இளவரசி என்ற பிரிவும் விமர்சிக்கப்படுகின்றது.

மற்றொன்று குப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக் குவளை, தட்டு முதலியவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்தது. 2022 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் தடைப் பட்டியலில் பலூன்களுக்கான நெகிழிக் குச்சிகளும் ஒப்பனைக்கான தெர்மாகோலும் இடம்பெற்றுள்ளன. பிறந்தநாள் விழாக்களின் வழக்கமான ஒப்பனைப் பொருள்கள் சில இதனால் சட்டப்படியே விலக்கப்பட்டுள்ளன.

இவற்றுக்கான மாற்று, செலவில்லாப் பொருள்களிலேயே உள்ளது. தீக்குச்சி, பழைய தாள், வால்வுக் குழாய் போன்றவற்றால் விளையாட்டுப் பொருள் செய்யும் முறையை அரவிந்த் குப்தா இந்தியா முழுவதும் பரப்பினார். அதற்காக 2018இல் பத்மசிறீ விருது பெற்றார். தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் பின்பற்றப்படும் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற முன்பருவக் கல்வித் திட்டமும் பாடல், கதை, கைவேலை ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. அங்கன்வாடியிலோ கிளை நூலகத்திலோ ஒரே மாதத்தில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் சேர்த்து ஒரு கைவேலை நாளை நடத்துவது, அதிகச் செலவின்றி எங்கும் செய்யக்கூடியது. அவ்வாறு செய்யும்போது, யாருடைய வீட்டில் பெரிய விழா நடந்தது என்ற ஒப்பீட்டுக்கு இடமில்லை. ஒவ்வொரு குழந்தையும் தான் செய்த ஒரு பொருளோடு வீடு திரும்பும்.